இரைப்பைப் புற்றணுக்களில் ஆன்டிஆக்சிடன்ட் மிகுதி: மருந்து எடுபடாமல் போவதன் பின்னணி

கொங்கு நாட்டில் ஒரு வீட்டில் யாருக்கேனும் கீமோ தொடங்கிவிட்டது என்று தெரிந்தால், பார்க்க வருகிற உறவினர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. நெல்லிக்காய்ச் சாறு, முருங்கை இலைப் பொடி, மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த கேப்சூல் என்று ஏதாவது ஒன்று பையில் இருக்கும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அரவக்குறிச்சிப் பக்கத்து முருங்கை வெளிநாடு வரைக்கும் போகிறது. நம் மண்ணில் விளைந்த பொருள் என்பதால் நம்பிக்கையும் கூடுதலாகவே இருக்கிறது. டப்பாவின் மேல் ‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’ என்று அச்சிட்டிருந்தால் அந்த நம்பிக்கைக்கு அறிவியலின் முத்திரையும் கிடைத்துவிடுகிறது. இன்னொரு பக்கம், இரைப்பைப் புற்றணுக்கள் மருந்திலிருந்து தப்புவதே ஆன்டிஆக்சிடன்டின் துணையால்தான் என்ற செய்தி அரைகுறையாகக் காதில் விழுந்தவர்கள், நோயாளியின் தட்டிலிருந்து நெல்லிக்காயைக்கூட எடுத்து வைத்துவிடுகிறார்கள். இந்த நம்பிக்கையும் இந்த அச்சமும் ஒரே இடத்தில் பிசகுகின்றன. உடலுக்குள் ஆன்டிஆக்சிடன்ட் எங்கே இருக்கிறது, அதை யார் உற்பத்தி செய்கிறார்கள் என்ற கேள்வியை இரு தரப்பாரும் கேட்பதில்லை. ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சுட்டுவது, இரைப்பைப் புற்றணு தனக்குள்ளேயே தயாரித்துக் குவித்துக்கொள்ளும் ஆன்டிஆக்சிடன்டைத்தான். நாம் உண்பதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது.

உயிரணு ஒவ்வொன்றும் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும்போது, வினைபுரியும் வேகம் மிகுந்த சில ஆக்சிஜன் மூலக்கூறுகளும் துணைவிளைவாகத் தோன்றுகின்றன. சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சிறிய அளவில் இவை உயிரணுவுக்குத் தேவையான சமிக்ஞைகளாகப் பயன்படுகின்றன. அளவு மிஞ்சினால் டி.என்.ஏ.வையும் புரதங்களையும் உயிரணுச் சவ்வின் கொழுப்பையும் சிதைக்கின்றன. இவற்றை அடக்கி வைக்கும் பொருள்களுக்கே ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர். அவற்றுள் உணவிலிருந்து வரும் வைட்டமின் சி, வைட்டமின் ஈ போன்றவையும் உண்டு. உயிரணு தானே தயாரிக்கும் குளூட்டதயோன், தயோரெடாக்சின் போன்றவையும் உண்டு. உயிரணுவுக்குள் மிகுந்த செறிவில் இருப்பது குளூட்டதயோன். புற்றணு ஓயாமல் பிளந்து பெருகுவதால் அதற்குள் இந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளின் அளவு இயல்பான உயிரணுவில் இருப்பதைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே, பிழைத்திருக்க வேண்டுமானால் அதை அடக்கும் பொருளையும் அது கூடுதலாக வைத்திருந்தாக வேண்டும். பின்வரும் அனைத்துக்கும் இந்தக் கட்டாயமே அடிப்படை.

இரைப்பைக்கு இதில் ஒரு தனிக்கதை இருக்கிறது. அந்த உறுப்பில் தோன்றும் புற்றுநோயில் பெரும்பகுதிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா காரணமாக இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994ஆம் ஆண்டிலேயே அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. அதைக் கண்டறிந்த பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பாக்டீரியா பல பத்தாண்டுகள் இரைப்பைச் சுவரில் குடியிருந்து, ஆறாத அழற்சியை உண்டாக்குகிறது. அழற்சி என்றாலே வெள்ளணுக்கள் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அள்ளி வீசும் களம். அந்தச் சூழலில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்து நிற்கும் உயிரணுக்களே பிற்பாடு புற்றாக மாறுகின்றன என்பதால், இரைப்பைப் புற்றணுக்கள் மருந்தைச் சந்திப்பதற்கு முன்பே ஆக்சிஜன் தாக்குதலைச் சமாளிக்கத் தேர்ந்துவிட்டிருக்கின்றன.

இதை இன்னும் நுட்பமாகக் காட்டிய ஜப்பானிய ஆய்வு ஒன்று 2012இல் வெளியாயிற்று. பைலோரி பாக்டீரியா காக்-ஏ என்ற புரதத்தை இரைப்பை உயிரணுவுக்குள் செலுத்துகிறது. சாதாரண உயிரணு, தனக்குள் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும்போது விழித்துக்கொள்ளும் தன்சிதைப்பு (தனக்குள் இருக்கும் வேண்டாத பொருள்களைத் தானே சிதைத்தல்) ஏற்பாட்டின் மூலம் அந்தப் புரதத்தை அழித்துவிடுகிறது. ஆனால் குளூட்டதயோன் மிகுந்திருக்கும் சில உயிரணுக்களில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுவதே இல்லை. எனவே அந்த ஏற்பாடு விழிப்பதில்லை. காக்-ஏ அழியாமல் தங்கிவிடுகிறது. பாதுகாப்பு மிகுந்த உயிரணுவில்தான் நச்சு நிலைக்கிறது என்பது, ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே நல்லது என்று பழகிப்போன நமக்குக் கொஞ்சம் சங்கடமான முடிவுதான்.

உலக அளவில் 2022ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி, சுமார் 9.7 லட்சம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 6.6 லட்சம் பேர் இறந்தனர். கண்டறியப்படுவோருக்கும் இறப்போருக்கும் இடையிலான இந்த நெருக்கத்துக்குத் தாமதமாகக் கண்டறிவது பெருங்காரணம். நெஞ்சு கரிப்பையும் பசியின்மையையும் ‘கேஸ் டிரபிள்’ என்றும் ‘அல்சர்’ என்றும் மாதக்கணக்கில் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிப்பது நம் பக்கத்தில் எவ்வளவு சாதாரணம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாமதமாக வருபவர்களுக்கு அறுவை சிகிச்சை மட்டும் போதாது. சிலருக்கு அது இயலாமலும் போகும். அப்போது பெரும்பாலும் கீமோவை நம்பியே நிற்க வேண்டியிருக்கிறது. எனவே மருந்து எடுபடுமா, படாதா என்பது இந்த நோயில் வெறும் ஆய்வகக் கேள்வியாக இருக்க முடியாது.

இரைப்பைக்குத் தரப்படும் மருந்துகளில் பிளாட்டினம் வகைக்கு முக்கிய இடம் உண்டு. 1960களில் அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியாக்களின் மேல் மின்புலத்தின் விளைவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, மின்முனையிலிருந்து கசிந்த பிளாட்டினச் சேர்மம் உயிரணுப் பிளவை நிறுத்துவதைத் தற்செயலாகக் கண்டார். அதிலிருந்து வந்த சிஸ்பிளாட்டின் 1978இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று அதன் உறவான ஆக்சாலிபிளாட்டின், 5-ஃபுளூரோயூராசில் அல்லது கேப்சிட்டபின் மாத்திரையுடன் சேர்த்துத் தரப்படுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் டோசிடாக்செல் சேர்ந்த கூட்டு மருந்து முறையும் பயன்படுகிறது. பிளாட்டின மருந்து டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்து முடக்குகிறது. கூடவே உயிரணுவுக்குள் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் அளவையும் உயர்த்துகிறது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் புற்றணு இந்தக் கூடுதல் சுமையில் மடிந்துபோக வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

குளூட்டதயோன் இங்கே இரண்டு வழிகளில் குறுக்கே நிற்கிறது. ஒன்று, உயரும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தணிப்பது. மற்றொன்று, வேதியியல்படி இன்னும் நேரடியானது: பிளாட்டினத்துக்குக் கந்தக அணுவின் மேல் பெரும் நாட்டம் உண்டு; குளூட்டதயோனில் கந்தகம் இருக்கிறது. ஆகவே உயிரணுவுக்குள் நுழைந்த பிளாட்டினத்தின் ஒரு பகுதி டி.என்.ஏ.வைச் சென்றடையும் முன்பே குளூட்டதயோனோடு பிணைந்துகொள்கிறது. அப்படிப் பிணைந்ததை உயிரணுச் சவ்வில் இருக்கும் வெளியேற்றுப் புரதங்கள் வெளியே தள்ளிவிடுகின்றன. மருந்து இரத்தத்தில் சரியான அளவில் ஓடுகிறது, கட்டியையும் அடைகிறது. ஆனால் செய்ய வேண்டிய வேலையைச் செய்யும் முன்பே முடங்கிப்போகிறது.

இந்தக் குளூட்டதயோன் எங்கிருந்து வருகிறது? குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைக் கோத்து உயிரணு அதைத் தயாரிக்கிறது. குளூட்டமேட்டுக்கும் கிளைசினுக்கும் பொதுவாகப் பஞ்சம் இல்லை. சிஸ்டீன்தான் தட்டுப்பாடான சரக்கு. நூல் வரத்து நின்றுவிட்டால் திருப்பூரில் நிட்டிங்கும் சாயமும் தையலும் வரிசையாக நின்றுபோவதைப் போல, சிஸ்டீன் வரத்தைப் பொறுத்தே குளூட்டதயோன் உற்பத்தி முழுவதும் ஓடுகிறது. இரத்தத்தில் சிஸ்டீன் பெரும்பாலும் இரண்டிரண்டாகப் பிணைந்த வடிவில் இருக்கிறது. அந்த இரட்டை வடிவத்தை உள்ளே இழுத்து, பதிலுக்குக் குளூட்டமேட்டை வெளியே அனுப்பும் கடத்திப் புரதத்துக்கு எக்ஸ்-சி-டி என்று பெயர். எனவே, எந்தப் புற்றணுவின் சவ்வில் இந்த எக்ஸ்-சி-டி நிலையாக, மிகுதியாக இருக்கிறதோ, அதனிடம் குளூட்டதயோனும் மிகுதியாக இருக்கும்.

தோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயுகி சாயாவின் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் முக்கியத்துவம் பெறுகிறது. புற்றுநோய்க் கட்டியிலுள்ள அணுக்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. கட்டியை மீண்டும் மீண்டும் முளைக்கவைக்கும் ஆற்றல் கொண்ட, தண்டுயிரணு போன்ற அணுக்கள் அதில் சிறிதளவு இருக்கின்றன என்பது பலரும் ஏற்கும் கருத்து. அவற்றை அடையாளம் காணப் பயன்பட்டுவந்த மேற்பரப்புப் புரதம் சி.டி.44. அது வெறும் அடையாளம்தானா, அதற்கு வேலை ஏதும் உண்டா என்பது நெடுநாள் தெளிவாகாமல் இருந்தது. அதன் ஒரு மாற்று வடிவம் எக்ஸ்-சி-டி கடத்தியோடு பிணைந்து அதைச் சவ்வில் நிலைநிறுத்துகிறது என்பதை அந்தக் குழு காட்டியது. அந்த மாற்று வடிவம் கொண்ட அணுக்களில் குளூட்டதயோன் உயர்ந்திருந்தது. இரைப்பைக் கட்டி வளரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளில் சி.டி.44ஐ நீக்கியபோது கட்டியின் வளர்ச்சி குன்றியது. அதாவது, கீமோவுக்குப் பிறகு கட்டி சுருங்கியதாக ஸ்கேனில் தெரிந்தும் சில மாதங்களில் திரும்ப வளர்கிற அனுபவத்துக்கு, தப்பிப் பிழைக்கும் அணுக்கள் எவை, எதனால் தப்புகின்றன என்ற அளவில் ஒரு விடை கிடைத்தது.

விடை கிடைத்ததும் அடுத்த கேள்வி தானாக எழும்: எக்ஸ்-சி-டியை அடைக்க முடியுமா? முடியும், அதற்கு ஒரு பழைய மாத்திரையே இருக்கிறது. முடக்குவாதத்துக்கும் பெருங்குடல் அழற்சிக்கும் பல பத்தாண்டுகளாக மருத்துவர்கள் எழுதிவரும் சல்ஃபசலசைன் அந்தக் கடத்தியைத் தடுக்கிறது. ஜப்பானில் முற்றிய இரைப்பைப் புற்றுநோய் கொண்ட 11 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்த முதற்கட்டச் சோதனை 2017இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 8 கிராம், 12 கிராம் என்ற அளவுகளில் கொடுத்தார்கள். முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரப்படுவது 2 அல்லது 3 கிராம்தான். பசியின்மையும் குமட்டலும் தடையாக நின்றதால் 8 கிராமே தாங்கக்கூடிய அளவு என்று முடிவாயிற்று. சிகிச்சைக்குப் பின் திசுவைச் சோதிக்க முடிந்த 8 பேரில் 4 பேருக்கு அந்த சி.டி.44 மாற்று வடிவ அணுக்கள் குறைந்திருந்தன. கொள்கை மனித உடலிலும் பொருந்துகிறது என்பதற்கான ஊக்கம் தரும் அறிகுறி இது. சிகிச்சையாக ஏற்பதற்கு இது போதாது. அந்த மாத்திரை இன்றுவரை இரைப்பைப் புற்றுநோய்க்கான வழக்கமான மருந்தாக ஆகவும் இல்லை. வீட்டில் மூட்டுவலிக்காரர் ஒருவருக்கு வாங்கிவைத்த சல்ஃபசலசைனை நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்ற எண்ணம் எவருக்கேனும் எழுந்தால், அது ஆபத்தான எண்ணம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

எக்ஸ்-சி-டியை அடைக்கும்போது அணு எப்படிச் சாகிறது என்பதிலும் புதுமை இருக்கிறது. குளூட்டதயோன் தீர்ந்துபோனால், சவ்வுக் கொழுப்பின் சிதைவைச் சரிசெய்யும் ஜி.பி.எக்ஸ்.4 என்ற நொதி வேலை செய்ய இயலாது. அணுவுக்குள் இருக்கும் இரும்பின் துணையோடு சவ்வு தொடர்ச்சியாகச் சிதைந்து அணு மடிகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரென்ட் ஸ்டாக்வெல்லின் குழு 2012இல் இதற்கு ஃபெராப்டோசிஸ் என்று பெயரிட்டது. வழக்கமான கீமோ தூண்டும் உயிரணு இறப்பிலிருந்து இது வேறுபட்டது என்பதால், அந்த வழியை அடைத்துக்கொண்ட புற்றணுவையும் இந்த வழியில் வீழ்த்தலாம் என்ற நம்பிக்கையில் ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன.

குளூட்டதயோன் உற்பத்தியைக் கூட்டுவதற்கு மேலிருந்து உத்தரவிடும் புரதம் ஒன்றும் உண்டு: என்.ஆர்.எஃப்.2. சாதாரண வேளையில் கீப்-1 என்ற மற்றொரு புரதம் அதைப் பிடித்து வைத்துத் தொடர்ந்து அழித்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் தாக்குதல் நேரும்போது பிடி தளர்கிறது, என்.ஆர்.எஃப்.2 உட்கருவுக்குள் சென்று எக்ஸ்-சி-டி, குளூட்டதயோன் தயாரிக்கும் நொதி, மருந்தை வெளியேற்றும் புரதங்கள் முதலிய பலவற்றின் மரபணுக்களையும் ஒருசேர முடுக்கிவிடுகிறது. இயல்பான உயிரணுவில் இது தற்காலிகம். சில புற்றணுக்களில் இது நிலையாகவே முடுக்கப்பட்டிருக்கிறது. இரைப்பைக் கட்டிகளில் என்.ஆர்.எஃப்.2 மிகுந்திருந்தவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்ததாகவும் 5-ஃபுளூரோயூராசில் சரியாக எடுபடவில்லை என்றும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மருந்து எதிர்ப்புக்கு வேறு காரணங்களும் உள்ளன என்பதையும் மறக்கக் கூடாது, டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் திறன், மருந்தின் இலக்கான நொதியே பெருகிவிடுவது, கட்டியைச் சூழ்ந்த நார்த்திசு மருந்தை நுழைய விடாமல் தடுப்பது ஆகியவையும் அவற்றுள் அடங்கும்.

இனி மஞ்சளுக்கு வரலாம். “மஞ்சக் கேப்சூல் குடுக்கலாமுங்களா டாக்டர்?” என்பது நம் பக்கத்துப் புற்றுநோய்ப் பிரிவுகளில் மிகச் சாதாரணமான கேள்வி. மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரை இருக்கும். செலவு ரசத்திலும் கொள்ளுப் பருப்பிலும் போடும் மஞ்சள் தூளிலிருந்து கிடைக்கும் குர்குமினில் பெரும்பகுதி குடற்சுவரிலும் கல்லீரலிலும் உடனே உருமாறிவிடுகிறது. இரத்தத்தில் அது தென்படுவதே அரிது. சோதனைக் குழாயில் புற்றணுவைக் கொன்ற அளவு குர்குமின் சாப்பாட்டின் வழியாகக் கட்டியை எட்டுவதில்லை. அதேபோல், சமையல் மஞ்சள் புற்றணுவுக்குத் துணைபோகும் என்று அஞ்சுவதற்கும் இடமில்லை. கேப்சூலின் கணக்கு வேறு. அதில் குர்குமின் செறிவாக இருக்கிறது. உட்கிரகிப்பைக் கூட்டுவதற்காக மிளகின் பைப்பரினையும் பல நிறுவனங்கள் சேர்க்கின்றன. குர்குமின், மேலே சொன்ன என்.ஆர்.எஃப்.2ஐ முடுக்கிவிடக்கூடிய பொருள்களில் ஒன்று. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், மார்பகப் புற்றணுக்களிலும் எலிகளிலும் சில கீமோ மருந்துகளின் கொல்லும் திறனைக் குர்குமின் குறைத்தது. பைப்பரினோ கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் ஒரு முக்கிய நொதியைத் தடுக்கிறது. டோசிடாக்செலைச் சிதைப்பதும் அதே நொதிதான். ஒன்று மருந்தை மழுக்கலாம், மற்றொன்று மருந்தின் நச்சுத்தன்மையைக் கூட்டலாம் என்னும்போது, கீமோ காலத்தில் அந்தக் கேப்சூலைத் தவிர்ப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

டப்பாக்களில் அச்சிடப்படும் ஆன்டிஆக்சிடன்ட் அளவெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உணவுப் பொருள்களின் ஆன்டிஆக்சிடன்ட் திறனைச் சோதனைக் குழாயில் அளந்து அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு பெரிய அட்டவணை வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் மனித உடலுக்குள் நிகழ்வதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்றும், வணிகர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொல்லி 2012இல் அதை விலக்கிக்கொண்டது. அட்டவணை போய்விட்டது, அதைக் காட்டி விற்கும் பழக்கம் போகவில்லை.

குளூட்டதயோனையே ஊசியாக ஏற்றினால் என்ன ஆகும்? நிறம் வெளுப்பதற்கென்று பெருநகர அழகு நிலையங்களில் குளூட்டதயோன் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் பரவியிருப்பதால், இது கற்பனைக் கேள்வியும் அன்று. இரைப்பைப் புற்றுநோயிலேயே இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1995இல் இத்தாலியில் சிஸ்பிளாட்டின் பெற்ற 50 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியினருக்குக் குளூட்டதயோனும் மறுபாதியினருக்கு வெற்று மருந்தும் ஏற்றினார்கள். குளூட்டதயோன் பெற்றவர்களுக்கு நரம்புப் பாதிப்பு குறைந்தது. எதிர்பார்ப்புக்கு மாறாக, கட்டி மருந்துக்குக் கட்டுப்படுவதும் குறையவில்லை. முழு மூலக்கூறாக அது உயிரணுவுக்குள் எளிதில் நுழைவதில்லை, வெளியிலேயே சிதைக்கப்படுகிறது என்பது இதற்கு ஒரு விளக்கமாக இருக்கலாம். ஆனால் 2014இல் வெளியான, வேறு மருந்துகளோடு நடந்த பெரிய சோதனையில் நரம்புக்குக் கிடைக்கும் என்று எண்ணிய பயனும் கிடைக்கவில்லை. ஆகவே மருத்துவ வழிகாட்டுதல்கள் இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை. இந்தச் சோதனையை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம், வெளியிலிருந்து வருவது எல்லாம் அப்படியே புற்றணுவின் கையிருப்பில் சேர்ந்துவிடும் என்ற எளிய கணக்கு பொய்த்துப்போன இடம் இது என்பதே.

உடலில் இல்லாததை நிரப்புவதும் இருப்பதற்கு மேல் கொட்டுவதும் ஒன்றல்ல என்பதைக் காட்டப் பெரிய சோதனைகளே இருக்கின்றன. சீனாவின் லின்சியன் பகுதியில், ஊட்டச்சத்துக் குறைவாக உண்ணும் ஏறத்தாழ 30,000 பேரிடையே நடந்த சோதனையின் முடிவு 1993இல் வெளியாயிற்று. பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்த்துப் பெற்றவர்களிடையே இரைப்பைப் புற்றுநோய் இறப்பு சுமார் 21 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஆண்டே பின்லாந்திலிருந்து எதிர்மாறான செய்தி வந்தது: நன்கு உண்ணும் 29,133 ஆண் புகைபிடிப்போரிடையே, பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. இவை இரண்டும் நோய் வருவதைத் தடுக்க முடியுமா என்று பார்த்த சோதனைகள். நோய் வந்து கீமோ எடுப்பவர்களைப் பற்றி 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 1,134 மார்பகப் புற்றுநோயாளிகளில் சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் போக்கு கூடுதலாக இருந்ததைக் கண்டது. அப்படி எடுத்தவர்களின் எண்ணிக்கை சிறிது என்பதால் இது உறுதியான முடிவு அன்று. எச்சரிக்கைக்குப் போதுமான காரணம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், கீமோ நடக்கும் மாதங்களில் நெல்லிக்காயோ முருங்கைக் கீரையோ மஞ்சள் போட்ட குழம்போ உண்ணத் தடை இல்லை. இளைத்துப்போகும் இரைப்பைப் புற்றுநோயாளிக்கு எது இறங்குகிறதோ அதை உண்பதுதான் முதன்மை. செறிவூட்டிய கேப்சூல், பொடி, ‘இம்யூனிட்டி’ பானம் எதுவாயினும், எடுத்துக்கொள்வதற்கு முன் மருந்து எழுதும் மருத்துவரிடம் டப்பாவோடு காட்ட வேண்டும். நாட்டு மருந்து என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்று மறைப்பதால் வரும் தீங்கே பெரிது. இங்கே விதிவிலக்கும் ஒன்று உண்டு. இரைப்பையை முழுவதுமாக நீக்கியவர்களுக்கு வைட்டமின் பி12 உணவிலிருந்து சேராது. அதைக் குடல் உட்கிரகிக்கத் தேவையான புரதத்தைச் சுரப்பது இரைப்பைதான். கல்லீரலில் சேமித்திருப்பது சில ஆண்டுகளில் தீர்ந்து, இரத்தசோகையும் கைகால் மரத்துப்போதலும் தொடங்கும். இரும்புச்சத்தும் அவர்களுக்குக் குறைந்துபோகக்கூடும். மருத்துவர் எழுதிக்கொடுத்த பி12 ஊசியும் இரும்பு மருந்தும் குறையை நிரப்புபவை. கீமோ காலத்தில் வைட்டமின் கூடாது என்று எங்கோ படித்ததை வைத்து, கேப்சூல்களோடு சேர்த்து அவற்றையும் வீட்டார் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.